முஸ்தஜாப் முட்டை

வாத்து முட்டையைக் காதருகே வைத்து விரல் நுனியால் ஒரு தட்டு தட்டினால் போதும், தர்வியாவுக்கு அதன் ஜாதகமே தெரிந்துவிடும். ஜாவாத் தீவின் ப்ரெபெஸ் நகருக்கு வடக்கே, வெங்காய வயல்கள் முடிந்து உப்புக்காற்று தொடங்குகிற இடத்தில், ஒரு ஹாஜியாரின் உப்பு முட்டைக் கொட்டகையில் பதினான்கு வருஷம் அவள் செய்த வேலை அதுதான். முட்டையைத் தட்டிப் பார்த்து, கழுவி, செங்கல் பொடியும் உப்பும் குழைத்த சேற்றை மேலே பூசி அடுக்க வேண்டும். பன்னிரண்டு நாள் கழித்து சேற்றைக் கழுவிவிட்டு அவிக்க வேண்டும். சேற்றில் உப்பு போதுமா என்று ஹாஜியாருக்கே சந்தேகம் வந்தால் அவளைத்தான் கூப்பிடுவார். அவள் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்வாள். சாயங்காலம் மற்றவர்களுக்கு என்ன கூலியோ அதேதான் அவளுக்கும்.

அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது ஒரு விளம்பரப் பலகையால். ஹாஜியார் நெடுஞ்சாலைக் கடைக்கு மேலே தன் படத்தை ஆளுயரத்துக்கு வரைந்து மாட்டினார். படத்தில் அவர் கையில் ஒரு முட்டை. தர்வியா சாலையில் நின்று அதை வெகுநேரம் பார்த்தாள்.

"எலுமிச்சம்பழம் பிடிக்கிற மாதிரி பிடிச்சிருக்காரு" என்றாள் பக்கத்தில் நின்ற பெண்ணிடம். "ஒரு நாளாவது கையில எடுத்திருந்தா இப்படிப் பிடிப்பாரா?"

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. அப்போது அவளுக்கு வயது முப்பத்தெட்டு.

கணவர் ரஸ்முன் வெங்காய வயலில் கூலி வேலை செய்கிறவர். குரல் உயராத மனிதர். மனைவி தானே வாத்து வாங்கி, தானே முட்டை போட்டு விற்கப் போவதாகச் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த சோயாத் தெம்பேத் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"முட்டை வாத்து போடட்டும். காசு யார் போடுவாங்க?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. முன்பு மகள் நிஸ்வாவின் பள்ளிக்கூடச் செலவுக்காக, மோட்டார் சைக்கிளில் வீடுவீடாக வரும் தினவட்டிக்காரனிடம் கொஞ்சம் வாங்கி, அதை அடைக்க இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த இரண்டு வருஷத்தில் ரஸ்முனுக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. வாசலில் எந்த மோட்டார் சைக்கிள் நின்றாலும் அவர் கொல்லைப்பக்கம் போய்விடுவார். கடிதம் கொண்டுவருகிறவர் ஒருநாள் வாழைத்தோட்டத்துக்குள் துரத்திக்கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினார்.

"சந்தைப் பக்கத்துல வட்டியில்லாச் சங்கம் இருக்குல்ல, அங்க கேக்கப் போறேன்" என்றாள் தர்வியா.

"வட்டி இல்லேன்னா அவங்களுக்கு என்ன லாபம்? கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"அதையும் கேட்டுட்டு வரேன், நிஸ்வா அப்பா. உங்க தெம்பே ஆறுது."

சங்கத்தில் முஸ்தஜாப் என்பவர்தான் மனுக்களை வாங்கிப் பார்க்கும் அலுவலர். ஐம்பதை நெருங்குகிற வயது. மடிப்புக் கலையாத பாத்திக் சட்டை. சட்டைப் பையில் இரண்டு பேனா. பெக்கலோங்கான் நகரத்தில் துணிக்கடைக்காரர் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் பொறுமையாக விளக்கினார். சங்கம் கையில் பணம் தராது. வேண்டிய சாமானைச் சங்கமே கடையில் வாங்கி, சங்கத்துச் சொத்தாக்கி, இவ்வளவுக்கு வாங்கினோம், இவ்வளவு லாபம் வைத்திருக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லி அவளுக்கு விற்கும். அவள் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும். அந்தத் தொகை ஒருநாளும் ஏறாது. அவளைப் போல இன்னும் நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு குழுவாக வர வேண்டும்.

"இதுவரைக்கும் தையல் மிஷின், குளிர்பெட்டி, மாவரைக்கிற மிஷின் எல்லாம் வாங்கிக் குடுத்திருக்கோம், இபு" என்றார். அந்த ஊரில் அம்மாவுக்கு இபு, ஐயாவுக்குப் பாக். "உங்களுக்கு என்ன வேணும்?"

"அம்பது வாத்து."

முஸ்தஜாபின் பேனா நின்றது. "உயிரோடயா?"

"செத்த வாத்து முட்டை போடுமா, பாக்?"

விண்ணப்பத்தில் 'பொருளின் தயாரிப்பு எண்' என்று ஓர் இடம் இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று முஸ்தஜாப் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு கோடு போட்டார்.

வாத்துகளை வாங்க அவரே போனார். தர்வியாவும் கூட வருகிறேன் என்றாள். விதிப்படி வாங்குவது சங்கத்தின் வேலை, நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். தலைக்கு அறுபத்தைந்தாயிரம் ருப்பியா வீதம், முட்டை போடும் பருவத்து வாத்து ஐம்பது. பெரியதாகவும் பளபளப்பாகவும் இருந்தவற்றையே பொறுக்கி எடுத்தார். அவை லாரியில் வந்து சங்கத்தின் பின்புற வண்டிக் கொட்டகையில் இறங்கின. அன்று காலையே தர்வியா கையெழுத்துப் போட வந்தாள். கூடவே குழுப் பெண்கள் நால்வரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

அவள் பேனாவைத் தொடவில்லை. கொட்டகைக்குள் போய்க் கால் மடித்து உட்கார்ந்து வாத்துகளின் பேச்சைக் கேட்டாள். பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்து வாலைப் பார்த்தாள்.

"பாக் முஸ்தஜாப், இது ஆண்."

"ஒண்ணு ரெண்டு அப்படி இருக்கும், இபு."

"இதுவும் ஆண். இதோ, வால்ல சுருள் மயிர். தொண்டை கட்டினவன் மாதிரி கத்துது பாருங்க. பொட்டைன்னா சந்தைக்காரி மாதிரி கத்தும்."

எண்ணி முடித்தபோது பதினேழு ஆண் வாத்துகள். பெண்கள் நால்வரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முஸ்தஜாப் தான் தேர்ந்தெடுத்த வாத்துகளின் பளபளப்பான இறகுகளைப் பார்த்தபடி நின்றார்.

"நீங்க அழகைப் பாத்து எடுத்திருக்கீங்க" என்றாள் தர்வியா அன்பாகவே. "பொண்ணு பாக்கப் போற ஆம்பளைங்க எல்லாரும் செய்யறதுதான். ஆனா இங்க மாப்பிள்ளைங்களையில்ல பொறுக்கிட்டு வந்திருக்கீங்க."

"கையெழுத்துப் போட்டுட்டா பிறகு மாத்திக்கலாமே."

"வியாழக்கிழமை பெண்களுக்கான மார்க்கப் பாடத்துல எங்க உஸ்தாஸா சொல்லியிருக்காங்க. சாமான் விக்கிறவன் கையில இருக்கிற வரைக்கும் குறைக்கு அவன்தான் பொறுப்பு. இப்ப இந்த வாத்து யாரோடது?"

"சங்கத்தோடது."

"அப்ப சங்கமே தீனி போடட்டும். மாத்தி வைங்க, நான் வரேன்."

விற்றவன் வேறு ஊருக்குப் போயிருந்தான். மாற்றித்தர மூன்று நாளாகும் என்று அவன் வீட்டார் சொன்னார்கள். அந்த மூன்று நாளும் வட்டியில்லாச் சங்கம் ஒரு வாத்துப் பண்ணையாக இருந்தது. பணம் கட்ட வந்தவர்கள் கட்டிவிட்டுப் பின்பக்கம் போய் வேடிக்கை பார்த்தார்கள். தொழுகைக்காகச் செருப்பைக் கழற்றி வைத்தவர்கள் திரும்ப வந்து செருப்பைக் கழுவினார்கள். முஸ்தஜாப் வீட்டுக்குப் போகும்போது பேருந்தில் அவர் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது.

முதல் நாள் காலை கொட்டகையில் பதினோரு முட்டை கிடந்தது. மறுநாள் பதினான்கு. மூன்றாம் நாள் பத்தொன்பது. அதில் ஒன்று கொட்டகையில் இல்லை. ஜன்னல் வழியாக உள்ளே வந்த ஏதோ ஒரு வாத்து அதைச் சங்க மேலாளரின் நாற்காலி மெத்தையில் போட்டுவிட்டுப் போயிருந்தது.

மேலாளர் ஹாஜ்ஜா முன்ஜியா. அறுபது வயதுப் பெண்மணி, கைத்தடி, கணக்கில் யாருக்கும் தாட்சண்யம் கிடையாது. நல்லவேளை, உட்காரும் முன் பார்க்கிற பழக்கம் உண்டு. முட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு முஸ்தஜாபையும் தர்வியாவையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"இது யாரோட முட்டை?" என்று கேட்டார்.

"வாத்து இபு தர்வியாவுக்காக வாங்கினதுதானே, அதனால..." என்று முஸ்தஜாப் ஆரம்பித்தார்.

"நான் இன்னும் வாங்கலையே" என்றாள் தர்வியா. "வாங்காத வாத்தோட முட்டையை எடுத்தா அது எனக்கு ஹலால் ஆகுமா? வாத்து சங்கத்தோடது, முட்டையும் சங்கத்தோடதுதான்."

ஹாஜ்ஜா முன்ஜியா அவளை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். இருபது வருஷத்தில் தனக்கு வருவதை வேண்டாம் என்று சட்டம் பேசின மனுதாரரை அவர் பார்த்ததில்லை.

"நாப்பத்திநாலு முட்டையை வச்சுக்கிட்டு சங்கம் என்ன பண்ணும்?" என்றார்.

"எங்கிட்டக் குடுங்க, ஹாஜ்ஜா. உப்புப் போட்டு வித்துத் தரேன். சரக்கு உங்களோடது, உழைப்பு என்னோடது. லாபத்துல ஆளுக்குப் பாதி. கெட்டுப்போனா முட்டை போனது உங்களுக்கு, என் உழைப்பு போனது எனக்கு."

இப்படி ஒரு கூட்டு வியாபார ஒப்பந்தம் சங்கத்தின் விதிப்புத்தகத்தில் முதல் அத்தியாயமாகவே இருந்தது. ஆனால் யாரும் அதைக் கேட்டு வந்ததில்லை. ஹாஜ்ஜா அலமாரியின் அடித்தட்டிலிருந்து அந்தப் படிவத்தை எடுக்கச் சொன்னார். சங்கத்தின் சார்பில் முஸ்தஜாப் கையெழுத்துப் போட்டார். அன்று மத்தியானமே பதினேழு பெட்டைகளும் வந்து சேர, வாத்து விற்பனைக்கும் தர்வியா கையெழுத்துப் போட்டாள். ரஸ்முன் வாத்துகளைச் சாலையோரமாக வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் காத்து நின்றன. அவர் ஒருமுறை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ப்ரெபெஸில் முத்திரை இல்லாத உப்பு முட்டையை யாரும் மதிக்க மாட்டார்கள். ஓட்டின் மேல் நீல மையில் தயாரித்தவர் பேர் இருக்க வேண்டும். தர்வியா முத்திரை செய்கிறவரிடம் போனாள். என்ன பேர் என்று கேட்டார். தன் பேரைச் சொல்ல வாயெடுத்தவள் கையிலிருந்த ஒப்பந்தத்தைப் பார்த்தாள். கூட்டாளி என்ற இடத்தில் முஸ்தஜாப் என்று இருந்தது. முஸ்தஜாப் என்றால் கேட்டது கிடைத்த துஆ, பலித்த பிரார்த்தனை என்று அர்த்தம். வியாபாரத்துக்கு இதைவிட ராசியான பேர் வேறென்ன வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

நாற்பத்துநான்கு முட்டையும் அரை நாளில் விற்றுப்போயின. மஞ்சள் கரு செக்கச்செவேலென்று, விரலில் எண்ணெய் பிசுபிசுக்க, மணல் மணலாக உதிர்ந்தது. ஒரு மாதத்தில் சந்தையில் அவள் முட்டைக்கென்று ஆட்கள் வந்தார்கள். முஸ்தஜாபுக்குத்தான் சந்தைப் பக்கம் போக முடியவில்லை.

"பாக் முஸ்தஜாப், இன்னிக்கு எத்தனை போட்டீங்க?" என்பார் மீன்காரர்.

"ரொம்ப முக்காதீங்க பாக், வயசாகுது" என்பாள் தேங்காய்க்காரி.

"உங்களுது கொஞ்சம் உப்பு தூக்கல்னு என் மாமியார் சொல்றாங்க" என்று ஒருத்தி அலுவலகத்துக்கே வந்து புகார் சொன்னாள்.

விஷயம் ஊர் சுற்றிக் கடைசியில் முஸ்தஜாபின் மனைவி லைலியின் காதுக்குப் போயிற்று. அவள் பள்ளிக்கூடத்தில் சிற்றுண்டிக் கடை நடத்துகிறவள். ஒரு வெள்ளிக்கிழமை தர்வியாவின் வீட்டு முற்றத்தில் வந்து நின்றாள். கைப்பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து நீட்டினாள்.

"இதுல இருக்கிறது என் வீட்டுக்காரர் பேரு."

"ஆமா அக்கா. உக்காருங்க, டீ ஊத்தறேன்."

"எனக்கு டீ வேணாம். இருபத்திரண்டு வருஷமா குடும்பம் நடத்தறேன், என் சமையக்கட்டுல ஒரு டப்பா மேல கூட அவர் பேரு கிடையாது. உன் முட்டை மேல எதுக்கு?"

"கூட்டாளிக்கா. ஒப்பந்தத்துல அவர் பேருதான் இருக்கு. வேணும்னா காட்டறேன்."

"கூட்டாளியா? அந்த மனுஷனுக்கு வீட்டுல ஒரு முட்டை அவிக்கத் தெரியாது. எப்ப இறக்கணும்னு கேக்கறதுக்கு எனக்குப் போன் பண்ணுவாரு."

"அவிக்கிறது எல்லாம் நான்தான் அக்கா. அவருக்கு ஆணு பொண்ணே தெரியாது."

லைலி முறைத்தாள். தர்வியா வாத்துக் கதை முழுவதையும் சொன்னாள். பதினேழு மாப்பிள்ளைகளும் வந்த இடத்தில் லைலிக்கு உதடு துடித்தது. நாற்காலி மெத்தைக்கு வந்தபோது அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். கணவர் இதில் ஒன்றையும் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. டீ வந்தது, கையில் கொண்டுவந்திருந்த சாட்சியை உடைத்து இருவரும் சாப்பிட்டார்கள். போகும்போது லைலி தன் கடைக்கு முப்பது முட்டை எடுத்துக்கொண்டாள்.

"பேரை மாத்திடவா அக்கா?" என்று தர்வியா கேட்டாள்.

"இருக்கட்டும்" என்றாள் லைலி. "அந்த மனுஷன் பேருல ஏதாவது ஒண்ணாவது நல்லா வரட்டும்."

அதற்குப் பிறகு நான்கு வருஷம் நன்றாகவே போயிற்று. ஐம்பது வாத்து நூற்றெண்பது ஆயிற்று. ரஸ்முன் வெங்காயத்தை விட்டுவிட்டு, அறுத்த வயல்களில் வாத்து மேய்க்கப் போனார். குழுவிலிருந்த நான்கு பெண்களில் ஒருத்தி செங்கல் பொடி அரைத்தாள், ஒருத்தி மூங்கில் கூடை முடைந்தாள், மற்ற இருவரும் தர்வியாவோடு சேறு பூசினார்கள். அவள் கூலியை முட்டைத் தட்டுக்கு இவ்வளவென்று வைக்கவில்லை. நாக்கில் வைத்துச் சரியாகச் சொல்கிறவளுக்குத் தனிப் பங்கு என்றாள். நெடுஞ்சாலையில் ஒரு கடை எடுக்கச் சங்கம் மறுபடியும் கூட்டுச் சேர்ந்தது. பெருநாளுக்கு ஊர் திரும்புகிற கூட்டம் அந்தச் சாலையில் நகர முடியாமல் மணிக்கணக்காக நிற்கும். நிற்கிறவர்கள் எல்லாரும் முட்டை வாங்குவார்கள்.

அப்புறம் புதிய சுங்கச் சாலை வந்தது. கார்கள் எல்லாம் தெற்கே ஏறி அந்த வழியாகப் பறந்தன. பழைய நெடுஞ்சாலையில் லாரிகளும் நாய்களும் மிஞ்சின. மாதக் கடைசியில் முஸ்தஜாப் சங்கத்தின் பங்கை வாங்க வந்தார்.

"வாங்க கூட்டாளி" என்றாள் தர்வியா. "இந்த மாசம் லாபம் ஒண்ணுமில்ல. உங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி."

"எதுல பாதி?"

"ஒண்ணுமில்லாததுலதான். எந்தப் பாதி வேணும்னாலும் எடுத்துக்கங்க."

முஸ்தஜாப் படிவத்தில் வட்டமாக ஒரு பூஜ்யம் போட்டார். அடுத்த மாதமும் ஒன்று. அலுவலகத்தில் யாரோ, இப்போதுதான் அவர் நிஜமாகவே முட்டை போடுகிறார் என்றார்கள். மூன்றாம் மாதம் ஹாஜ்ஜா முன்ஜியாவே கைத்தடியோடு வந்து காலை முதல் சாயங்கால அஸர் தொழுகை வரை கடையில் உட்கார்ந்தார். நான்கு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவர்.

"நீ பொய் சொல்லல" என்றார் ஹாஜ்ஜா.

"பொய் சொல்லியிருந்தா லாபம்னுல்ல சொல்லியிருப்பேன்."

"கடன் குடுத்திருந்தா இந்நேரம் நான் தவணையைக் கேட்டுட்டு வீட்டுல நிம்மதியாத் தூங்கியிருப்பேன். கூட்டுன்னு எழுதிட்டேன். இப்ப எனக்கும்ல தூக்கம் வரல" என்று ஹாஜ்ஜா அலுத்துக்கொண்டார்.

தூக்கம் வராத ஹாஜ்ஜா ஒரு வேலை செய்தார். மாவட்டத்தில் ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் கூட்டம் சேர்த்து அழைத்துப்போகிறவர்கள் எல்லாரும் அவருக்கு உறவோ சிநேகிதமோ. ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். புனித யாத்திரை போகிற ஜாவாக்காரர்களுக்கு அங்கே இருக்கிற மிகப் பெரிய கஷ்டம் சாப்பாடுதான் என்பது அவருக்குத் தெரியும். மூன்று முறை போய் வந்தவர். காற்றை உறிஞ்சி அடைத்த உறையில் பத்து முட்டை, ஒரு யாத்திரிகருக்கு ஒரு பெட்டி. அடைக்கிற இயந்திரத்தைச் சங்கம் வாங்கி அவளுக்கு விற்றது. இம்முறை தேர்ந்தெடுக்கத் தர்வியாவும் கூடப் போனாள். இயந்திரத்தின் பின்பக்கத்தை அவள் குனிந்து பார்த்தபோது முஸ்தஜாப் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதல் பெட்டிகள் போன இரண்டாவது வாரம், மதீனாவிலிருந்து யாரோ ஒரு படம் அனுப்பினார்கள். விடுதி அறையில் எட்டுப் பெண்கள், நடுவில் சோறு, ஆளுக்கொரு பாதி முட்டை. தர்வியா அதை எல்லாருக்கும் காட்டினாள்.

"செமராங்கைத் தாண்டி நான் போனதில்ல. எனக்கு முன்னாடி என் முட்டை மதீனாவுக்குப் போய் உக்காந்திருக்கு."

அடுத்த வருஷம் ஹாஜியாரின் கொட்டகையிலிருந்து, உங்கள் பேரில் கொஞ்சம் முட்டை நாங்கள் போட்டுத் தரலாமா என்று ஆள் அனுப்பினார்கள். உப்பை நான் வந்து பார்ப்பேன் என்ற நிபந்தனையோடு அவள் ஒப்புக்கொண்டாள். கூலி தட்டுக்கு எவ்வளவு என்றும் அவளே சொன்னாள். அவள் அங்கே வேலை செய்தபோது வாங்கிய கூலியை விட அது அதிகமாக இருந்ததாகவும், ஹாஜியார் கொஞ்சம் இருமினதாகவும் சொல்வார்கள்.

நாற்பத்துநான்கு வயதில் தர்வியா ஹஜ்ஜுக்குப் பேர் பதியப் போனாள். முன்பணமாக இரண்டரைக் கோடி ருப்பியாவைக் கட்டினாள். ரஸ்முனுக்கும் சேர்த்து இரண்டு மடங்கு. அலுவலகத்திலிருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, வரிசையில் நிறையப் பேர் இருப்பதால் அவர்கள் முறை வர முப்பது வருஷம் ஆகும் என்று பணிவாகச் சொன்னாள்.

"அப்ப எனக்கு எழுபத்திநாலு வயசு" என்றாள் தர்வியா. "பரவால்ல, எழுதுங்க. அதுவரைக்கும் வேலை இருக்கு."

ரஸ்முன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். இப்போது அது அவருடைய சொந்த வண்டி. சந்தையைத் தாண்டினதும் முன்னாலிருந்தே கேட்டார்.

"போறதுக்கும் வர்றதுக்கும் நாப்பது நாள் ஆகுமே. வாத்தை யார் பாத்துக்குவாங்க?"

"நிஸ்வா பாத்துக்குவா."

"அவளுக்கு அப்ப அம்பது வயசுக்கிட்ட ஆயிருக்கும். முழங்கால் வலிக்கும். வயல்ல இறங்க முடியுமா?"

"அவ பிள்ளைங்க இருக்கும்ல."

"அதுக கைப்பேசியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும். வாத்து பாதி கடலுக்குப் போயிடும். நான் வேணா இருந்துக்கறேன், நீ போயிட்டு வா."

"ரெண்டு பேருக்கும் பணம் கட்டியாச்சு. ஒழுங்கா என்கூட வாங்க."

"கட்டினதைத் திருப்பிக் கேக்கலாம்ல?"

வீடு வந்து சேர்கிற வரைக்கும் அவர்கள் சண்டை ஓயவில்லை. வண்டிச் சத்தம் கேட்டு வாத்துகள் எல்லாம் வேலியோரம் வந்து நின்று கத்தின. தர்வியா இறங்கி, கைலி நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு, தவிட்டு வாளியை எடுக்கப் போனாள்.